வாய் அசையக் கூடாது

ஜூன் 11

நந்தகிஷோர் என்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அவனுக்குச் சீட்டு எண்ணவே தெரியாது.

இதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். எண்ணுவது நான். சூதாட்டக் கப்பலில் இருபத்தொன்று ஆடும் சீட்டு மேசையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, சின்னத் தொகை வைத்துத் தோற்றபடியே, போன சீட்டையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்வது நான். சீட்டுக்கட்டில் மீதமிருப்பதில் பெரிய சீட்டுகள் மிகுந்துவிட்டால் ஆட்டம் நம் பக்கம் சாயும். அந்த நேரம் பார்த்து அவன் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து பெரிய தொகை வைப்பான். ஜெயிப்பான். சீட்டுப் போடும் டீலர் பெண் அவனுக்குக் கைகொடுப்பாள். என்னைப் பார்த்து, 'பெட்டர் லக், மேடம்' என்பாள்.

கோயம்புத்தூரில் அவன் குடும்பத்துக்கு நூல் மில் இருக்கிறது. என் அப்பாவுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை. நான் கணக்கில் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். அவன் இணையத்தில் போட்ட விளம்பரத்தில் 'கணக்கு நன்றாக வருமா' என்று மட்டும் இருந்தது. சீட்டு எண்ணுவது சட்டப்படி குற்றமில்லை என்று சொல்லித்தான் கோவாவுக்குக் கூட்டி வந்தான். அது உண்மைதான். ஆனால் கப்பலில் ஏற அடையாள அட்டை காட்ட வேண்டும். நான் ஏறுவது வித்யா என்ற யாரோ ஒருத்தியின் அட்டையில். அது குற்றம். அதை ஏறி முடித்த பிறகு சொன்னான்.

அவன் மட்டும் தன் சொந்த அட்டையில் ஏறுகிறான். ஏன் என்று கேட்டேன். "நான் கஸ்டமர் செண்பா. நீ ஸ்டாஃப்" என்றான்.

செண்பகவல்லி என்ற முழுப் பெயர் அவன் வாயில் நுழைவதில்லை.

ஜூன் 13

பெட்டிம் என்ற ஊரில் எங்கள் வாடகை வீட்டு ஜன்னலைத் திறந்தால் மாண்டவி நதி. எதிர்க்கரையில் பனாஜி. நடுவில் நங்கூரம் பாய்ச்சிய சூதாட்டக் கப்பல்கள். மழைக்காலம் என்பதால் தண்ணீர் செம்மண் கரைசலாக ஓடுகிறது. கப்பல் எங்கும் போவதில்லை. ஆனால் ஏறியவன் தன் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. அவர்கள் படகு விட்டால்தான் கரை.

மேசைகளைக் கண்காணிக்கும் மேனேஜர் ஒருவன் இருக்கிறான். சட்டையில் குத்திய பெயர்ப்பட்டையில் ராஜ் என்று மட்டும் இருக்கும். வாடிக்கையாளரிடம் ஹிந்தி, டீலர்களிடம் ஆங்கிலம். நான்கு நாட்களாக நான் எந்த மேசைக்குப் போனாலும் அங்கே வந்து நிற்கிறான். ஒன்றும் செய்வதில்லை. ஏதாவது செய்தால் பயம் தெளிந்துவிடும்.

போன மாதம், சீட்டு எண்ணிய ஒரு புனே பையனை மேல்மாடிக்கு அழைத்துப் போனார்கள். 'ஆபீஸ்' என்றார்கள். மாலையில் அவனைப் படகுத்துறையில் பார்த்தேன். முழங்கால்வரை நனைந்து உட்கார்ந்திருந்தான். டாக்ஸிக்காரர் அவன் பெயரைக் கேட்டபோது யோசித்துவிட்டுச் சொன்னான்.

நந்தகிஷோரிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கு முடியல. ஊருக்குப் போறேன்."

"போ. யார் வேணாம்னா? ஆனா சேரக் காலியா விட்டுட்டுப் போகாத. ஒருத்தர் வர்றாரு. அவர ரெடி பண்ணிக் குடு. அன்னிக்கே பஸ் ஏத்திவிடறேன்."

"எத்தன நாள்ல?"

"நீதான டீச்சர். நீ ரெடின்னு சொன்னா ரெடி."

ஜூன் 14

துவைத்த துணி எதுவும் காயவில்லை. துப்பட்டாவில் பூஞ்சை.

ஜூன் 16

வந்தவர் பெயர் இருதயராஜ். முப்பத்தாறு வயது. தூத்துக்குடி, திருநெல்வேலி வழித்தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர். கையில் ஒரு பெட்டி மக்ரூன். ரயிலின் ஈரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. அதை அப்படியே பிட்டுக் கொடுத்தார்.

"நீயா டீச்சர்? நான் மீச வச்ச ஆளா இருக்கும்னுலா நெனச்சேன்."

"அண்ணாச்சி, ஏன் பஸ்ஸ விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன். மொதலாளி மச்சான் ஓசில ஏறுனான். டிக்கெட் எடுன்னேன். மறுநா டிக்கெட் பைய வாங்கிட்டாவ."

"கணக்கு வருமா?"

"அறுவது பேரு நிக்கிற பஸ்ல எவன் டிக்கெட் எடுக்கலன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். கணக்கு வருமான்னா…" கொஞ்சம் யோசித்தார். "அது வராது."

பின்னால் நின்ற நந்தகிஷோர் சிரித்தான். "கண்டக்டர், அத செண்பா பாத்துக்குவா."

ஆன்லைன் ரம்மி ஆடுகிறவர்கள் குழு ஒன்றில் இவரைப் பிடித்திருக்கிறான். அந்தக் குழுவில் எத்தனையோ பேர். பயந்த முகம் இல்லாத, கேள்வி கேட்காத, ஊரில் குடும்பம் இருக்கிற ஆளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான். என்னையும் அப்படித்தான் பொறுக்கியிருப்பான்.

ஜூன் 17

காலையில் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்தோம். புதிதாக எண்ண வருகிறவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்.

இது ஞாபகசக்தி இல்லை. எந்தச் சீட்டு போனது என்று நினைவு வைக்கவே வேண்டாம். இரண்டிலிருந்து ஆறு வரை சின்னச் சீட்டு. ஒன்று போனால் ஒன்று கூட்ட வேண்டும். பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் இவை பெரியவை. ஒன்று போனால் ஒன்று கழிக்க வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். எண்ணிக்கை ஏற ஏற, மீதிக் கட்டில் பெரிய சீட்டு அதிகம் என்று அர்த்தம். வந்த எண்ணை, இன்னும் எத்தனை கட்டு மீதமிருக்கிறதோ அதால் வகுக்க வேண்டும். அவ்வளவே.

அவர் முகம் தெளிந்தது. "ஏறுனவனக் கூட்டு, எறங்குனவனக் கழி. இதத்தான பத்து வருசமாப் பாத்தேன்."

எனக்கு நம்பிக்கை வந்தது. மேலும் சொன்னேன். எண்ணுவதற்கு முன்னால் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தக் கையில் இன்னொரு சீட்டு கேட்பது, எதில் நிறுத்துவது என்று யோசிக்காமல் வர வேண்டும். அதை யோசித்தால் இதை விட்டுவிடுவோம். ஒரு சின்னதும் ஒரு பெரியதும் சேர்ந்து வந்தால் இரண்டையும் பார்க்காதே, பூஜ்யமாகப் பார். கழித்துப்போட்ட சீட்டுக் குவியலை முறைக்காதே. தோற்கும்போது தோற்றவன் முகம் வேண்டும். ஜெயித்தால் ஆச்சரியப்படு. எண்ணிக்கை தவறிவிட்டால் தவறியதென்று ஒப்புக்கொண்டு சும்மா இரு. ஊகித்துச் சொல்லாதே. ஊகிக்கிற ஆளைவிட எண்ணத் தெரியாத ஆள் மேல். அவன் தோற்றாலும் தனியாகத் தோற்பான். எல்லா நாளும் ஜெயிக்க முடியாது. எண்ணத் தெரிந்தவனும் வாரக்கணக்கில் தோற்பான். யாராவது எழுந்திரு என்று சொல்வதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும். மாட்டிக்கொண்டால் கூட வந்தவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

எல்லாவற்றுக்கும் முதலாவது, வாய் அசையக் கூடாது.

"அதுலதான் செரமம் தங்கச்சி. வாயால சொல்லாம எனக்கு எண்ணிக்க நிக்காது. அம்பத்தஞ்சு, அம்பத்தாறுன்னு படில நின்னு கத்திக் கத்திப் பழகிட்டு. வாய்தான் எனக்குப் பை."

"பைய மூடுங்க."

மூடினார். மூன்றாவது சீட்டிலேயே எண்ணிக்கை தவறியது.

ஜூன் 19

சத்தத்தில் பழகுவதற்காக மிக்ஸியை ஓடவிட்டேன். டிவியில் கொங்கணிப் பாட்டு. அண்ணாச்சி சீட்டைப் பார்த்துக்கொண்டே "ரெண்டு, மூணு, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கூடக்கூட அவர் குரலும் கூடியது. பஸ்ஸில் அப்படித்தானே.

நந்தகிஷோர் அறைக்குள்ளிருந்து வந்தான். நான் சொன்னேன், இவர் வாயை அடக்க இன்னும் ஒரு மாசம் வேண்டும் என்று.

"எதுக்கு அடக்கணும்? தமிழ்லதான எண்றாரு. அந்தக் கப்பல்ல தமிழ் எவனுக்குத் தெரியும்? ஆடறவன் டெல்லி, குஜராத். டீலர் பூரா நேபாளி, மணிப்பூர். நாமளே சத்தமாத்தான பேசிக்கறோம்."

அதுவும் உண்மை. அவன் என் மேசைக்கு வந்து உட்காரும்போது எண்ணிக்கையை நான் தமிழில் வாய்விட்டுத்தான் சொல்வேன். கப்பலில் பழக்கமான ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வது போல. "ஏழு மணி பஸ்ஸப் பிடிக்கணும்" என்றால் ஏழு. "பத்து மணி பஸ்" என்றால் பத்து. ஒரு வருஷமாக இப்படித்தான். வேறு ஊரில் தமிழ் பேசும்போது நமக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி.

"கேட்டியா டீச்சர்? பையத் தொறந்தே வச்சிக்கிடலாமாம்" என்றார் அண்ணாச்சி.

ஜூன் 20

மதியம் கப்பலுக்கு நான் மட்டும் போனேன். நந்தகிஷோர் பின்னால் வருவதாக ஏற்பாடு. எண்ணிக்கை நன்றாக ஏறியது. ராஜ் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, லேசாகக் குனிந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டான். தலையாட்டினேன். போய்விட்டான். வேறொன்றும் நடக்கவில்லை.

நந்தகிஷோர் வருவதற்குள் நான் இறங்கிவிட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

வந்ததும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். மழைக் குளிர்.

ஜூன் 21

இருதயராஜ் அண்ணாச்சியைச் சோதித்தேன். முதல் நான்கு தடவை தப்பு. ஐந்தாவது தடவை சரியாகச் சொன்னார். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"ரெடி" என்று நந்தகிஷோரிடம் சொன்னேன்.

"அவ்ளோ சீக்கிரமா? ஒரு மாசம்னு சொன்ன."

"நல்லாப் பிடிச்சுக்கிட்டாரு."

அண்ணாச்சி என்னையே பார்த்தார். "நெசமாவா தங்கச்சி? எனக்கே தெரியலையே."

"உங்களுக்குப் பயம் இல்ல அண்ணாச்சி. அது போதும்."

பயமில்லாதவர் என்பது பொய்யில்லை. அவர் நல்ல மாதிரி. யாராவது ஒருவர் உட்கார வேண்டிய நாற்காலி அது. எனக்கு இருபத்துநான்கு வயது. நான் ஒருத்தியே எத்தனை நாள் உட்காருவது? இதற்கெல்லாம் காரணம் நந்தகிஷோர். அவன் சொந்தமாக எண்ணக் கற்றுக்கொண்டால் யாருமே உட்கார வேண்டியதில்லை.

அண்ணாச்சி இரண்டு தடவை போய்வரட்டும், அப்புறம் நீ போகலாம் என்றிருக்கிறான். இருபத்தேழாம் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 23

அண்ணாச்சி முதல்முறை கப்பலுக்குப் போனார். கோபிநாத் என்பவரின் அட்டை. போட்டோவில் இருக்கிற ஆளுக்கும் இவருக்கும் மீசை மட்டும்தான் பொருத்தம். படகுத்துறையில் யாரும் உற்றுப் பார்க்கவில்லையாம். கூடவே போயிருக்க வேண்டும் நான். வயிறு சரியில்லை. வீட்டில் ரசம் வைத்தேன்.

மாலையில் இருவரும் வந்தார்கள். நந்தகிஷோருக்குச் சின்ன லாபம். அண்ணாச்சிக்குச் சந்தோஷம்.

"சாப்பாடு கேட்டியா தங்கச்சி, எறா மட்டும் நாலு தினுசு. கேக்க ஆளே இல்ல. நம்ம பஸ் ஸ்டாண்டு புரோட்டாக் கடைல சால்னாவுக்கு ரெண்டாவது கரண்டி கேட்டா என்ன பார்வ பாப்பான்."

"எண்ணிக்கை நின்னுச்சா?"

"பாதில எறங்கிட்டு. அப்புறம் ஏத்திக்கிட்டேன்." சிரித்தார். "அந்த மேனேஜரு தங்கமான மனுசன். எம் பக்கத்துலயே ரொம்ப நேரம் நின்னாரு."

கரண்டியைக் கீழே வைத்தேன். "என்ன பேசினாரு?"

"ஒண்ணும் பேசல. நான் எண்ணுறதக் கேட்டுட்டு நின்னாரு."

"பாத்துக்கிட்டு நின்னாருன்னு சொல்லுங்க."

"அதத்தான் சொல்லுதேன்."

ரசத்தில் உப்பு கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

ஜூன் 24

அண்ணாச்சி குளிக்கும்போது அவர் போன் அடித்தது. வீட்டுக்காரி, அமலோற்பவம். நான் எடுத்தேன்.

"அவ்வோ கூட வேல பாக்குறவளா தாயி? அங்க என்ன வேல பாக்காவ? கப்பல்ல ஓட்டல்னு சொல்லுதாவ."

"ஆமா மதினி. ஓட்டல் மாதிரிதான்."

"கப்பல் ஆடுமா?"

"ஆடாது. நிக்கிற கப்பல்."

"அது வரைக்கும் நல்லது. தூத்துக்குடில பொறந்த ஆளுன்னுதான் பேரு, கடல்ல கால் நனைக்க மாட்டாவ. நீச்சல் தெரியாது. நீ கூட இருக்கேல்லா, அது போதும்."

அவர் வந்ததும் போனைக் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எதை என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. யாரோ ஒருவன் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டான். அவ்வளவுதானே.

ஜூன் 25

காலையிலிருந்து காற்று. நந்தகிஷோரும் அண்ணாச்சியும் பகல் சாப்பாட்டுக்கு முன்பே கப்பலுக்குப் போய்விட்டார்கள். நான் துணியை வீட்டுக்குள் கயிறு கட்டிப் போட்டேன்.

மூன்று மணிக்கெல்லாம் நதியில் அலை எழும்பி, கப்பலுக்குப் போய்வரும் படகுகளையெல்லாம் எதிர்க்கரையில் கட்டிவிட்டார்கள். பெட்டிமிலிருந்து பனாஜிக்குப் போகும் அரசாங்கப் படகும் நின்றுவிட்டது. ஜன்னலிலேயே நின்றேன். இருட்டும் வரை ஆற்றில் ஒரு படகும் அசையவில்லை.

நந்தகிஷோர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு டாக்ஸியில் வந்து சேர்ந்தான். தனியாக.

ஜூன் 26

அவன் சொன்னது: அண்ணாச்சி எண்ணிக்கொண்டிருந்தார். அவன் எதிரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். ராஜ் வந்தான். கூட இரண்டு காவலாட்கள். அண்ணாச்சியின் தோளில் கை வைத்து, 'சார், மேல ஆபீஸ்' என்றான். அண்ணாச்சி எழுந்தார்.

"அவர் உன்னப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"நீ என்ன பண்ணின?"

"என்ன பண்ணச் சொல்ற? மாட்டினா தெரிஞ்ச ஆள் மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு நீதான அவருக்குப் பாடம் நடத்தின? அவர் அதச் சரியாத்தான் பண்ணாரு. ஒரு வார்த்த பேசாமப் போயிட்டாரு."

கையிலிருந்த ஆட்டத்தை முடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறான். கரைக்கு வந்த கடைசிப் படகில் அவன் இருந்திருக்கிறான். அப்புறம்தான் படகுகளை நிறுத்தினார்கள்.

ஆட்டத்தை முடித்துவிட்டு. ஜெயித்தானா என்று நான் கேட்கவில்லை.

அண்ணாச்சியின் போன் அணைந்திருக்கிறது. ஒரு நாள் பிடித்து வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்கிறான். புனே பையனை அன்றே விட்டார்கள்.

அமலோற்பவம் மூன்று தடவை எனக்குக் கூப்பிட்டாள். என் நம்பரை அவரிடம் வாங்கி வைத்திருந்திருக்கிறாள்.

ஜூன் 27

இன்றைக்கு என் பஸ். போகவில்லை. அதை யாராவது குறித்துக்கொள்ளட்டும்.

பனாஜிக்குப் போய், படகுத்துறையில் கப்பல்காரர்களின் அலுவலக வாசலில் நின்றேன். கவுண்டர்ப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் உள்ளே போனாள். ராஜ் வெளியே வந்தான். குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தான்.

"மழையில நிக்காதீங்க. உள்ள வாங்க."

தமிழ். இடறாத, வீட்டுத் தமிழ்.

நான் உள்ளே போகவில்லை. "எங்க அண்ணன் எங்க?"

"யாரு?"

"அன்னைக்கு மேல கூட்டிட்டுப் போனீங்களே."

"கோபிநாத்தா? பேசினோம். தண்ணி குடுத்தோம். நாலு மணிப் படகுல எறங்கிட்டாரு. ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு."

"கோபிநாத் இல்ல. இருதயராஜ்."

"அப்படி யாரும் கப்பல் ஏறலையேம்மா." மரியாதையாகவே கேட்டான். "நீங்க வித்யாதானே?"

நான் ஆமாம் என்றேன்.

"நான் பொறந்தது தாராவி. அப்பாவுக்கு வள்ளியூர்ப் பக்கம். அந்த அண்ணாச்சி எண்ணும்போது எங்கப்பா பேசற மாதிரியே இருந்துச்சு. ரெண்டு நாள் பக்கத்துல நின்னு கேட்டேன். ஆனா தப்புத் தப்பா எண்ணினாரு. பாவம், யாரு சொல்லிக் குடுத்தது?"

திரும்பி நடந்தேன். பின்னால் யாரும் வரவில்லை. பெட்டிம் படகில் ஏறும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நாலு மணிப் படகு என்கிறான். நாலு மணிக்குப் படகு ஏது? எல்லாவற்றையும் கட்டிப்போட்டிருந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தவள் நான். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். வித்யா சொன்னால் என்ன, செண்பகவல்லி சொன்னால் என்ன. வாய் வரவில்லை.

ஜூன் 28

நந்தகிஷோர் கிளம்பிவிட்டான். வாடகைக் கார் வாசலில் நிற்க, சட்டைகளை ஹேங்கரோடு பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டிருந்தான்.

"போலீசுக்குப் போலாம்" என்றேன்.

"போ. என்னன்னு சொல்லுவ? ஊர் பேர் தெரியாதவன் ஆதார்ல ஏத்தினோம், ஆளக் காணோம்னா? மொதல்ல உன்னத்தான் உக்கார வைப்பான். ஒரு வருசமா நீ யார் பேர்ல ஏறிருக்க?"

"நீதான குடுத்த?"

"எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

அவன் பெயர் கப்பல் பதிவில் சுத்தமாக இருக்கிறது. தன் சொந்தப் பெயரில் ஏறி, தன் சொந்தப் பெயரில் இறங்கிய கௌரவமான வாடிக்கையாளர். இந்த நாட்டில் சொந்தப் பெயரில் தப்பு செய்ய ஒரு வசதி வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் காணாமல் போவதற்குக்கூடச் சொந்தப் பெயர் கிடையாது.

ராஜ் தமிழ் பேசியதை நேற்றிரவே அவனிடம் சொல்லியிருந்தேன். காரில் ஏறப்போனவன் நின்றான். "அந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியும்னு எவனுக்குத் தெரியும் சொல்லு. ஒரு வருசம் ஒரு வார்த்த பேசல. உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அன்னிக்குத் தலவலின்னு பாதில எறங்கி வந்தியே."

"தலவலி."

அவன் காரில் ஏறினான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான். கோழை. கடைசி வரை கண்ணாடியை இறக்கவில்லை.

ஜூன் 29

அமலோற்பவத்திடம் போனில் சொன்னேன். எல்லாம் இல்லை. ஓட்டல் இல்லை, சூதாட்டக் கப்பல் என்றும், என்னைப் போலவே வேறு பெயரில் ஏறினார் என்றும், திரும்பவில்லை என்றும். அவள் அழவில்லை. "எந்த ரயில்ல வரணும்?" என்று கேட்டாள்.

அண்ணாச்சியின் லுங்கி இன்னும் கொடியில்தான் இருக்கிறது. காய்ந்துவிட்டது. மடித்து வைத்தேன்.

ஜூலை 1, பனாஜி பேருந்து நிலையம்

ஊர் திரும்ப, தனியாக, ஹூப்ளி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். தாமதம் என்கிறார்கள். அதற்குள் நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மட்காவ் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் அமலோற்பவத்தைக் கூட்டி வந்தேன். கட்டை உருவம், நீலச் சேலை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டு வந்திருக்கிறாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார், யாரோடு பேசினார். பாலத்தின் மேல் வந்தபோது கப்பல்களைக் காட்டினேன். அவள் கப்பலைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். "இம்புட்டு வேகமா ஓடுது" என்றாள்.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன், நாலு மணிக்குப் படகு ஓடவில்லை என்று. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை விடவில்லை.

வாசலில் நான் கையை உருவிக்கொண்டேன். "நீங்க போங்க மதினி. நான் இங்கயே நிக்கேன்."

அவளுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அது எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். திறந்த ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். போட்டோவைக் காட்டினாள். கையால் மீசை காட்டினாள், உயரம் காட்டினாள். பெஞ்சில் இருந்த போலீஸ்காரர் நல்ல மாதிரிதான். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எங்கேயோ போன் செய்தார், கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். பிறகு அவளைப் பார்த்துக் கைகளை விரித்தார். பக்கத்து இட்லிக் கடையிலிருந்து ஒரு தமிழ்க்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் அவளிடம் நிறுத்தி நிறுத்தி எதையோ விளக்கினார். என்ன விளக்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். கோபிநாத் இறங்கிவிட்டார். இருதயராஜ் ஏறவே இல்லை.

இரண்டாவது டீ வாங்கினேன். குடிக்கவில்லை. கடைக்காரர் சில்லறை கேட்டார். உள்ளே போனால் முதல் கேள்வி நீ யார் என்பதுதான். இரண்டாவது, எத்தனை தடவை, யார் அட்டையில். மூன்றாவது, அந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியும் என்று எப்போது தெரியும். மூன்றாவதை அவர்கள் கேட்க மாட்டார்கள். இட்லிக் கடைக்காரரை வைத்துக்கொண்டு அமலோற்பவம் கேட்பாள். என் அப்பா இன்னும் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். எல்லாவற்றையும் செய்தவன் கோயம்புத்தூரில் நன்றாகத் தூங்குகிறான். நான் மட்டும் ஏன்?

அமலோற்பவம் வெளியே வந்தாள். செருப்பை உள்ளேயே விட்டுவிட்டாள். வெறுங்காலோடு தண்ணீர் ஓடும் சாலையைக் கடந்து, டீக்கடைக் கூரைக்குள் வராமல், மழையிலேயே நின்றாள்.

"கூட இருந்தவுக யாராச்சும் வந்து சொன்னாத்தான் எழுதுவாவளாம். பாத்த ஆளு வேணுமாம்."

நான் கடைக்காரருக்குச் சில்லறை தேடினேன்.

"படகு ஓடலன்னு எங்கிட்டச் சொன்னேல்லா? அத அங்க வந்து சொல்லு."

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எதுவும் புரிந்திருக்காது.

"ஏ பிள்ள, உன்னத்தான். உள்ள வா. வந்து உன் நெசப் பேரச் சொல்லு."